நாளுக்கு ஐந்தை வாரத்துக்கு ஐந்தாக்குங்கள்

வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். தினமும் ஐந்து புதிய ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ப் பொருள், கீழே ஆசிரியர் கையெழுத்து என்று போகும் அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த மடல். 11 நாள் எழுதப்படவில்லை என்று வந்த குறிப்பாணைக்கு முறைப்படி விளக்கம் கொடுத்துவிட்டேன். அதில் எழுத இடமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஆய்வுக்கு வந்த அன்று ஒரு சிறுமியின் நோட்டைப் புரட்டி, ஒரு சொல்லில் விரலை வைத்தீர்கள். சி-யு-ஆர்-ஆர்-இ-என்-டி என்று எழுத்துக்கூட்டி, 'தற்போதைய' என்று பொருளும் சொன்னாள். 'வெரி குட்' என்றீர்கள். அப்புறம் அதை வைத்து ஒரு வாக்கியம் கேட்டீர்கள். அவள் தரையைப் பார்த்தாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

உங்கள் வண்டி கிளம்பிய பிறகு அவள் வந்து, "டீச்சர், வீட்டுக் கரண்ட்டுக்கும் இதே ஸ்பெல்லிங்தானா?" என்று கேட்டாள். பேச்சு வந்த வயதிலிருந்து 'கரண்ட் போச்சு, கரண்ட் வந்துச்சு' என்று சொல்லி வளர்ந்த பிள்ளை, ஐயா. அதே சொல்லைத்தான் நோட்டில் மூன்று முறை எழுதியிருக்கிறாள், அவளுக்கே தெரியாமல். சொல்லித்தர எனக்கும் நேரமில்லை. அன்றைய ஐந்தில் அது நான்காவது.

சார்ஜ், லேட், டிக்கெட், டென்ஷன் என்று பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. அங்கிருந்து தொடங்க விடுங்கள். நாளுக்கு ஐந்து என்பதை வாரத்துக்கு ஐந்தாக்குங்கள்.

கணக்கையும் பார்ப்போம். 200 வேலை நாளுக்கு 1000 சொல், இரண்டு ஆண்டில் 2000. ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்பட்டியலே ஏறக்குறைய 2000 சொற்கள்தான். டாக்காவில் வங்காளப் பிள்ளைகளோடு வேலை செய்தவர் அவர். புதுச் சொற்களை நெருக்கித் திணிக்காதே, வந்த சொல்லையே திரும்பத் திரும்ப வரவிடு என்பதுதான் அவர் வழி. நம் நோட்டுக் கணக்குப்படி எட்டாம் வகுப்புக்குப் போவதற்குள் அந்தப் பட்டியலே முடிந்திருக்க வேண்டும். எங்கள் எட்டாம் வகுப்பையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

நோட்டில் 'டேக்' என்றால் எடு, அவ்வளவுதான். மாத்திரைக்கும் ஆங்கிலத்தில் 'டேக்'தான் வரும் என்பது அதில் இல்லை. அதனால் விடுப்புக் கடிதத்தில் 'ஐ ஈட் டேப்லெட்' என்று வருகிறது. நாம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆயிற்றே! 'லைட்டைப் போடு' என்பது 'புட் த லைட்' ஆனதும் அப்படித்தான்.

சுற்றறிக்கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கற்றல் விளைவுசார் அடைவுத்திறன் மேம்பாடு' என்றெல்லாம் வருகிறதே, அதைப் படிக்க ஆசிரியர்களுக்கும் ஒரு சொல் நோட்டு போடலாம். கையெழுத்து யார் போடுவது என்பதுதான் சிக்கல். சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு எழுதாத அந்த 11 நாளில் நடத்தியது பத்தே சொல். 'ஹெவி' அதில் ஒன்று. முதல் நாள் புத்தகப் பையை ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மழை பெய்தது, ஹெவி ரெயின். அடுத்த வாரம் தண்ணீர்க் குடத்துக்கும் அந்தச் சொல்லே வந்தது. நேற்று அதே சிறுமி உள்ளே வரும்போதே, "டீச்சர், டுடே பேக் வெரி ஹெவி" என்றாள். 'இஸ்' இல்லைதான், நானும் கவனித்தேன். ஆனால் யாரும் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் ஆங்கில வாக்கியம் அது.

ஆகவே மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன்: வாரத்துக்கு ஐந்து சொல் போதும் என்று ஒரு வரி அனுப்புங்கள். அடுத்த முறை வரும்போது நோட்டைப் புரட்டுவதற்கு முன், அவள் பையில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை