மாடித்தோட்டப் பையில் சுண்ணாம்பு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் இணைப்பிதழில், புதிதாக மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. நல்ல குறிப்புதான், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் பை ஒன்றுக்கு ஒரு கைப்பிடி சுண்ணாம்புத் தூள் கலக்கச் சொல்லி நடுவில் ஒரு வரி இருந்தது பாருங்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மன்னார்குடியில் சின்னதாக விதை, உரக்கடை வைத்திருக்கிறேன். இதழ் வந்த மறுநாளே சுண்ணாம்பு கேட்டு ஆள் வந்துவிட்டார்கள். விற்றால் எனக்குக் காசுதான், இருந்தாலும் டெல்டாவில் இருக்கிற நீங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

சுண்ணாம்பு போடுவது தப்பென்று சொல்லவில்லை. கேரளத்தில் கொட்டுகிற மழை மண்ணில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும், மண் புளித்துப்போய் அமிலமாகக் கிடக்கும். நீலகிரியில் தேயிலை விளைகிற மண்ணும் அந்த ஜாதிதான். அங்கே காய்கறி போட்டால், அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போட்டுத்தான் ஆக வேண்டும். நம் பக்கம் நிலைமை தலைகீழ். காவிரி வண்டல் பெரும்பாலும் நடுநிலையில் இருக்கும், இல்லையென்றால் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் பக்கம் போகப் போக உவரும் (உப்பு ஏறிய மண்) களரும்தான் (சோடியம் ஏறிய கார மண்). ஏற்கனவே காரமாக இருக்கிற மண்ணில் இன்னொரு கைப்பிடி காரத்தைப் போட்டால் செடி என்ன செய்யும்?

மண்ணின் அமில, கார நிலையைச் சொல்வதுதான் பி.எச். எண். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். வீட்டில் வைக்கிற காய்கறி பெரும்பாலானவற்றுக்கு 6-லிருந்து 7 வரை இருந்தால் போதும். 7-க்கும் 8-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைப்பார்கள், அப்படி இல்லை, ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 6.5 இருக்க வேண்டிய இடத்தில் 8.5 இருந்தால் அது நூறு மடங்கு தள்ளி நிற்கிறது. அந்த நிலையில் மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாது.

கடைக்குப் போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் காட்டுவது இதைத்தான். கறிவேப்பிலை, மல்லிகை, இட்லிப்பூச் செடி மூன்றும்தான் அதிகம் வரும். கொழுந்து இலை வெளிறி மஞ்சளாகியிருக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். பார்த்தவுடன் யூரியா கேட்பார்கள். யூரியா கொடுக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) போதவில்லை என்றால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். கொழுந்தில் ஆரம்பித்தால் பெரும்பாலும் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள், அதற்கு யூரியா வேலைக்கு ஆகாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தால் புதுத் தளிர் பச்சையாக வரும். ஆனால் இது தலைவலிக்கு மாத்திரை போடுகிற மாதிரிதான், பையில் இருக்கிற கலவையும் ஊற்றுகிற தண்ணீரும் மாறாதவரை மஞ்சள் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

தண்ணீரைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. பத்து லிட்டர் பையில் இருக்கிற மண் எவ்வளவு? தினம் ஒரு செம்பு போர் தண்ணீர் ஊற்றினால், அதில் கரைந்திருக்கிற உப்பும் பைகார்பனேட்டும் பையிலேயே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும். நன்றாகவே கலவை போட்டிருந்தாலும் சில மாதத்தில் பி.எச். ஏறிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கிறதே, அதுதான் அடையாளம். இதைவிடக் கொடுமை, வீட்டில் ஆர்.ஓ. மெஷின் கழித்து விடுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து செடிக்கு ஊற்றுவது. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது! பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் பரவாயில்லை, அதில் உப்பு கிடையாது. எல்லாவற்றையும்விட மழைத் தண்ணீர் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பைகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்காமல் நனைய விடுங்கள். அடியில் ஓட்டை மட்டும் அடைபடாமல் இருந்தால், வருஷம் பூராவும் சேர்ந்த உப்பைக் கழுவி இறக்கிவிடும்.

அப்புறம் வயல் மண். நம் ஊரில் யாரைக் கேட்டாலும், முப்போகம் விளைந்த மண், இதில் விளையாததா என்பார்கள். நெல்லுக்குச் சரி. தண்ணீர் கட்டி வைத்த வயலில் காரமான மண்ணும் மெல்ல நடுநிலைப் பக்கம் வந்துவிடும், நெற்பயிருக்கு அது சௌகரியம். அதே மண்ணைக் காயவைத்து மாடிக்கு ஏற்றினால் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும். போதாததற்கு சேறடித்துச் சேறடித்துக் கட்டுக்கோப்பு குலைந்த களி அது. பையில் போட்டால் நாலு நாள் வெயிலில் ஓடு மாதிரி வெடிக்கும், தண்ணீர் ஊற்றினால் ஓரமாக வழிந்து கீழே போகும், வேருக்குக் காற்று கிடைக்காது. தஞ்சாவூரை அடுத்த வல்லம் பக்கத்துச் செம்மண் கிடைத்தால் அதை ஒரு பங்கு எடுங்கள். கிடைக்காவிட்டால் வயல் மண்ணைக் கால் பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

நார்க்கழிவுக்கு நமக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அத்தனை தென்னையைச் சாய்த்த பிறகும் பட்டுக்கோட்டை, பேராவூரணியிலிருந்து கட்டி கட்டியாக வருகிறது. தென்னை நாரில் இயல்பாகவே உப்பு உண்டு, கட்டியை ஊறவைத்து அப்படியே கொட்டினால் நாற்று கருகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, பழுப்புத் தண்ணீர் வெளிறுகிறவரை திரும்பத் திரும்ப அலசுங்கள். உப்புத் தண்ணீரில் அலசினால் அலசாமலே இருந்திருக்கலாம். மக்காத நார்த்தூள் மண்ணில் உள்ள தழைச்சத்தையும் தான் மக்குவதற்கு இழுத்துக்கொள்ளும், அதனால் மக்கியதாகக் கேட்டு வாங்குங்கள்.

செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நான் சொல்கிற கலவை இவ்வளவுதான். கருக்கிய உமி கொஞ்சம் சேர்த்தால் நீர் வடியும். ஆனால் அரிசி ஆலையில் சும்மா தருகிறார்கள் என்று சாம்பலை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டாதீர்கள், அதுவும் காரம்தான்.

பி.எச். பார்க்க மண்ணில் குத்துகிற, பேட்டரி இல்லாத முள் மீட்டரை வாங்கிவிடாதீர்கள், அதை நம்ப முடியாது. இறால் பண்ணைக்குச் சாமான் விற்கிற கடையிலோ வண்ணமீன் கடையிலோ பி.எச். பார்க்கிற சொட்டு மருந்து கிடைக்கும். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் இல்லை) விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய வைத்து, மேல் தெளிவில் பாருங்கள். அப்படியே வீட்டுப் போர் தண்ணீரையும் பார்த்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, மீட்டரே வேண்டாம்.

காரம் கூடுதலாக இருந்தால் புளித்த மோர், எலுமிச்சைத் தோல் என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். ஒன்றிரண்டு நாள் இறங்கிவிட்டுப் பழையபடி ஏறும். கந்தகத் தூள் பத்து லிட்டர் பைக்கு ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக மாற்ற வேண்டும், வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் பொறுக்காமல் இரண்டாம் தடவை போடாதீர்கள். ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து, சோடியத்தை வெளியேற்றத்தான் அது. அதனால் எல்லாப் பைக்கும் ஜிப்சம் என்பதும் தேவையில்லாத செலவு.

கடைசியாக ஒரு கோரிக்கை. அடுத்த முறை இதுபோன்ற குறிப்பு போடும்போது எந்த ஊர் மண்ணுக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்குள்ளவர்களிடம் கேட்டு கும்பகோணத்துக்கு ஒன்று, நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கலவை வாங்கிப் போட்டால், ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்க வருகிறவர்களுக்கு நான் அதைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
உரக்கடை வாசகர்,
மன்னார்குடி.