சுரண்டிவிட்டுப் போடுங்கள்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், சாலைப் பணிகளைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும், எங்கள் பகுதி வேலையை டெண்டரில் எடுத்திருக்கும் ஒப்பந்ததாரருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் தெருமுனையில் ஜல்லியும் எம்-சாண்டும் வந்து இறங்கியிருக்கின்றன. கான்கிரீட் ரோடு வரப்போகிறதாம். சந்தோஷம். குண்டிலும் குழியிலும் வண்டி ஓட்டி எங்களுக்கும் இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஆனால் அளவெடுக்க வந்த உங்கள் ஆளிடம், "பழைய ரோட்டை எடுத்துட்டுத்தானே சார் போடுவீங்க?" என்று கேட்டால், "எஸ்டிமேட்ல மில்லிங் இல்லையே" என்றார். மில்லிங் என்றால் பழைய ரோட்டின் மேற்பரப்பைச் சுரண்டி எடுப்பது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பழைய ரோட்டைச் சுரண்டி எடுங்கள். அதே மட்டத்தில் புது ரோட்டைப் போடுங்கள்.

இதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு அவர்களே மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும், ரோட்டின் உயரம் கூடக் கூடாது, கூடினால் வீடுகளுக்குள் தண்ணீர் போகும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் அந்தக் கடிதம் வந்து சேரவில்லை என்று நம்புவது கஷ்டமாக இருக்கிறது. பெரிய சாலைகளில் ராத்திரியில் மில்லிங் இயந்திரம் ஓடுவதைப் பார்க்கிறோம். அமைச்சர்கள் போகிற ரோடு என்றால் சுரண்டுகிறீர்கள். உள்தெரு என்றால் அப்படியே மேலே கொட்டுகிறீர்கள்.

எங்கள் வீடு 1990-களின் கடைசியில் கட்டியது. தென்சென்னைப் புறநகரில் அந்தக் காலத்தில் மனை வாங்கிக் கட்டிய பலரையும் போல, அப்பா தன் பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டினார். அப்போது ரோட்டிலிருந்து வாசலுக்கு 3 படி ஏறிப் போக வேண்டும். இப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்கு 2 படி இறங்கிப் போகிறோம். ஒரே தடவையில் இது நடந்துவிடவில்லை. ஒவ்வொரு முறையும் தார் ஒரு விரற்கடை, ரெண்டு விரற்கடை ஏறியது. நடுவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது மிஞ்சிய மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தெருவிலேயே பரப்பி ரோலர் விட்டார்கள். அது அரை அடி. அதற்கு மேல் மறுபடி தார். இப்போது கான்கிரீட் போட்டால் இன்னும் 15, 20 செண்டிமீட்டர். தெருக்கோடியில் குழாய்க்காகத் தோண்டிய ஒரு பள்ளத்தை எட்டிப் பாருங்கள். தார், ஜல்லி, மண், மறுபடி தார் என்று அடுக்கடுக்காகத் தெரியும். எந்த அடுக்கு எந்தத் தேர்தலுக்கு முன்பு போட்டது என்றுகூட எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தண்ணீர் வருவதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாங்கள் உங்கள் கணக்கில் எழுதவில்லை. அவை பெரிய மழை. ஐப்பசியில் ரெண்டு மணி நேரம் பெய்கிற சாதாரண மழையைப் பற்றித்தான் பேசுகிறோம். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல அனுமதியுங்கள். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ரோடு ஏறும்போதெல்லாம் அதோடு சேர்த்து மேன்ஹோல் மூடியையும் உயர்த்திவிடுகிறீர்கள். வீட்டுக்குள் இருக்கும் எங்கள் சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுநீர் சேர்ந்து தெருக் குழாய்க்குப் போகும் தொட்டி, இருந்த இடத்திலேயே இருக்கிறது. மழை நாளில் சாக்கடைக் குழாய்க்குள் மழைத் தண்ணீரும் புகுந்து, தண்ணீர் மேன்ஹோலில் மேலே ஏறுகிறது. ரோட்டு மட்டத்தைத் தொட்டால்தான் வெளியே பொங்கும். ஆனால் எங்கள் வீட்டுத் தரையே ரோட்டு மட்டத்துக்குக் கீழே. ஆகவே தெருவில் பொங்குவதற்கு முன்பே எங்கள் கக்கூஸில் பொங்கிவிடுகிறது. முதலில் கோப்பையில் குமிழ் விடும் சத்தம் கேட்கும். அப்புறம் குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையான நானி டிராப்பில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். அதோடு சரி, ஓட வேண்டியதுதான். கிழிந்த போர்வையைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, அதன் மேல் மணல் மூட்டை, மூட்டை மேல் கிரைண்டர் கல். கோப்பைக்குள்ளும் ஒரு மூட்டை. என் அம்மாவுக்கு 78 வயது. மழை பிடித்துக்கொண்டால் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். ராத்திரி பாத்ரூம் போக வழி இருக்காது என்று அவருக்குத் தெரியும். டாக்டர் சிறுநீரகத்துக்காக நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். போட்டோம். வெளியிலிருந்து வருவது நின்றது, உண்மை. ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே இருப்பதும் வெளியே போகாது, சார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஓதம் ஏறி இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. எந்த பெயிண்ட் அடித்தாலும் அடுத்த தை மாதத்துக்குள் உப்பிக்கொண்டு வரும். தேக்கு நிலையின் அடிக்கால் மக்கிவிட்டது. ரோடு போடும்போதெல்லாம் கேட்டின் அடிப்பகுதியை வெல்டர் வந்து அறுத்துவிட்டுப் போகிறார். மழைநீர் வடிகால் கட்டினீர்களே, அதன் மூடி எங்கள் வாசலைவிட உயரம். வீட்டுத் தண்ணீர் அதில் ஏறிப் போய் விழ வேண்டுமாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றபோது குழி தோண்டி, குழாய் இறக்கி, வந்தவரிடம் காட்டவும் செய்தோம். அன்றைக்கு மொட்டைமாடித் தண்ணீரை மட்டும்தான் சேகரிக்கச் சொன்னீர்கள். இப்போது முழுத் தெருவின் தண்ணீரையும் ஹாலிலேயே சேகரிக்கிறோம். இதற்குப் பாராட்டுச் சான்றிதழ் ஏதாவது உண்டா?

அடுத்த வேடிக்கை, சாய்வுத் தளம். ரோடு ஏறியதால் பைக் இறங்கவும் ஏறவும் ஒரு சரிவு கட்டினால், ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் வருகிறது. ரோடு எங்கள் வாசலைத் தாண்டி ஏறி வந்ததற்கு நோட்டீஸ் யார் கொடுப்பது?

பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார். இந்தத் தொழிலுக்கு ஹரியானாவிலிருந்து ஆட்கள் வருவது இப்போது சென்னையில் சகஜமாகிவிட்டது. தரையை உடைத்து, அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சேனல் சொருகி, வரிசையாக ஜாக்கி வைத்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு திருகினார்கள். வீடு அங்குலம் அங்குலமாக எழும்ப, கீழே செங்கல் கட்டிக்கொண்டே வந்தார்கள். 3 அடி ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஆனால் தூக்கக் கொடுத்த பணத்தைவிட, தூக்கிய பிறகு தரைக்கும் படிக்கும் குழாய்க்கும் சம்ப்பின் வாயை உயர்த்துவதற்கும் கொடுத்ததுதான் அதிகம் என்கிறார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். இப்படித் தூக்கும்போது சரிந்து தொழிலாளி செத்துப்போன செய்தியையும் நாம் படித்திருக்கிறோம். ஒரு ரோட்டைச் சுரண்டாமல் விட்டதற்காக ஒரு மனிதன் வீட்டையே பெயர்த்துத் தூக்குகிறான். இத்தனையும் செய்த பிறகு, நீங்கள் இன்னும் சில தடவை இதே மாதிரி ரோடு போட்டால் அந்த 3 அடியும் காணாமல் போய்விடும்.

தூக்க வசதியில்லாதவர்கள் உள்ளே மண் கொட்டித் தரையை ஏற்றுகிறார்கள். ஜன்னல் முழங்காலுக்கு வருகிறது, மின்விசிறி கைக்கு எட்டுகிறது. மனையை வாங்கிப் புதிதாகக் கட்டுகிற பில்டரோ பேஸ்மெண்ட்டை ஒரேயடியாக 5 அடிக்கு ஏற்றிவிடுகிறார். அவர் இடத்துத் தண்ணீரும் பக்கத்துப் பழைய வீட்டுக்குத்தான் வருகிறது.

இந்தப் பக்கம் வீடு வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. முன்பெல்லாம் பட்டா, வில்லங்கச் சான்று, அப்ரூவல் பார் என்பேன். இப்போது சொல்வது வேறு. பங்குனி வெயிலில் போய்ப் பார்க்காதே, கார்த்திகையில் பார். பீரோவை நகர்த்தச் சொல்லிப் பின்னால் இருக்கும் சுவரைப் பார். ஹாலில் இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தால் அது அழகுக்காக இல்லை. இ.பி. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே மாட்டியிருந்தால், ஏன் என்று கேள். கடைசியாகத் தெருவில் நின்று, ரோட்டுக்கும் வாசலுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார், அடுத்த ரோட்டுக்கும் சேர்த்துக் கழித்துக்கொள். வீடு வாங்குகிறவன் உங்கள் அடுத்த டெண்டரையும் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டியிருக்கிறது. 2022-இல் சொத்து வரியை ஏற்றினீர்கள், கட்டினோம். வரி ஏறுகிறது, ரோடு ஏறுகிறது, வீட்டின் விலைதான் இறங்குகிறது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

சுரண்டாததற்கு நீங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் தெரியும். தெரு குறுகலாம், இயந்திரம் நுழையாதாம். கான்கிரீட் மிக்ஸர் லாரி நுழைகிற தெருவில் ஒரு ஜேசிபி நுழையாதா? எங்கள் உள்தெருத் தாரைப் பெயர்க்கப் பெரிய மில்லிங் இயந்திரம் தேவையே இல்லை, ஜேசிபி பக்கெட்டே போதும். ரோட்டைத் தாழ்த்தினால் தண்ணீர் தேங்கும் என்பது இன்னொன்று. சென்னையின் சராசரி உயரமே கடல் மட்டத்துக்கு மேல் 6, 7 மீட்டர்தான். இந்தத் தட்டையான ஊரில் தண்ணீர் போவது சரிவினால், உயரத்தினால் அல்ல. வாய்க்காலை நோக்கிச் சரிவு கொடுக்காமல் ஒரு தெருவை மட்டும் ஏற்றினால் தண்ணீர் அடுத்த தெருவுக்குப் போகும். அந்தத் தெருக்காரர்கள் எங்கள் ரோட்டையும் ஏற்று என்று மனுக் கொடுப்பார்கள். நீங்களும் ஏற்றிக் கொடுப்பீர்கள். இப்படியே போட்டி போட்டு ஏறி எங்கே போய் நிற்கப் போகிறோம்?

பேவர் பிளாக் போட்ட தெருக்களிலும் இதே கதைதான். கல்லைப் பெயர்த்து அதே மட்டத்தில் திரும்ப அடுக்க முடியும் என்பதுதான் அதன் வசதியே. அதையும் பழைய தார் மேல் துகள் கொட்டி அடுக்கினால் என்ன பயன்?

அதனால் பணிவோடு மறுபடி கேட்கிறோம். வேலை தொடங்கும் முன்பு ஒரு நாள் லெவல் கருவியோடு வாருங்கள். புது ரோட்டின் மேல்மட்டம் எங்கே வரும் என்று மின்கம்பத்தில் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். இன்றைய ரோட்டைவிட அந்தக் கோடு உயரமாக இருந்தால், வேலையை நிறுத்தி எஸ்டிமேட்டில் சுரண்டும் செலவைச் சேருங்கள். அதற்குத் தீர்மானம் வேண்டுமென்றால் பகுதி சபைக் கூட்டத்தில் வையுங்கள், கையெழுத்துப் போட நாங்கள் வருகிறோம். சுரண்டிய தாரையும் ஜல்லியையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பது கவலையென்றால், ஏரிக்கரைப் பக்கத்து மனைப்பிரிவில் ரோடே பார்க்காத மண் தெருக்கள் இருக்கின்றன. அங்கே பரப்பி ரோலர் விடுங்கள், அந்த மக்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஏரிக்குள் மட்டும் கொட்டிவிடாதீர்கள்.

மழைக்காலத்துக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும். எங்களுக்கும் இருக்கிறது. சுரண்டுவதற்காக ரெண்டு வாரம் தாமதமானால் பொறுத்துக்கொள்கிறோம். அந்த ரெண்டு வாரமும் வண்டியை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வரத் தெருவில் எல்லோரும் சம்மதித்திருக்கிறோம். தயவுசெய்து சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு வீட்டுக்காரன்

நகல்: வார்டு கவுன்சிலர் அவர்களுக்கு