இருபத்தைந்தாவது வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

மதிப்புக்குரிய அனைவருக்கும் வணக்கம்.

பாம்பன் கரையில் கடற்பாசி எடுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் எடைக்கணக்கு இந்தப் பருவத்தில் ஒரு கிராம்கூடப் பிசகாமல் முடிந்திருக்கிறது. அதற்குக் காரணமான நான்கு பேருக்கு ஊரறிய நன்றி சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் உலர்த்தி நிறுத்தபின், யாருக்கு எவ்வளவு என்பதை எங்கள் பெரியக்கா நோட்டில் பக்கத்துக்கு 25 வரியாக எழுதி, பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகையும் போட்டு வைப்பார். அதே வரிகளைக் கணினியில் ஒரு கோப்பாகத் தட்டச்சு செய்து, பாஷ் (கணினிக்குக் கட்டளைகளை எழுதி ஓட்டும் மொழி) நிரலால் கூட்டி, நோட்டோடு ஒத்துப் பார்ப்பது என் பொறுப்பு. இந்த முறை 1,860 வரிகள் இருந்தன.

முதலில் நான் கோப்பைப் பைப் (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்குள் செலுத்தும் இணைப்பு) வழியாக, வரிக்கு வரி திரும்ப ஓடும் ஒரு சுற்றுக்குள் அனுப்பிக் கூட்டினேன்; முடிவில் மொத்தம் சுழியம் என்றே வந்தது. பைப்புக்கு வலப்புறம் உள்ளது தனியொரு கிளை ஷெல்லில் (பாஷின் தனி நகலில்) ஓடுவதால், அங்கே சேர்த்த தொகை அந்தக் கிளையோடு போய்விடுகிறது என்று விளக்கியவர் தங்கச்சிமடத்துத் தம்பி. 2009-இல் பாஷ் 4.0-உடன் வந்த மேப்ஃபைல் கட்டளையை (ரீட்அரே என்பதும் அதுவே; கோப்பின் வரிகளை, எண்ணிட்ட இடங்கள் கொண்ட ‘அணி’ என்ற பட்டியலில் ஏற்றும்) எனக்குக் காட்டிக் கொடுத்து, கோப்பை நேரே அதற்குள் திருப்பிவிடச் சொன்னவரும் அவரே. பாஷ் முழு எண்களை மட்டுமே கூட்டும் என்பதால் எடையைக் கிராமில் எழுதச் சொன்னார். விண்டோஸ் கணினியில் நான் தட்டச்சு செய்ததால் வரிக்கு வரி ஒட்டியிருந்த கண்ணுக்குத் தெரியாத குறியையும் அவரே நீக்கித் தந்தார். தம்பி, உங்களுக்கு என் முதல் நன்றி.

பக்கவாரியாகக் கூட்டுத்தொகை வேண்டும் என்பதற்காக மேப்ஃபைலின் கால்பேக் வசதியை எடுத்துக்கொண்டேன். கட்டளையில் ஆங்கிலப் பெரிய எழுத்து சி-க்குப் பின் ஒரு செயற்கூற்றின் (ஒரு வேலைக்காக நாம் பெயரிட்டு எழுதும் கட்டளைத் தொகுப்பின்) பெயரைக் கொடுத்தால், கோப்பை அணியில் ஏற்றும்போதே இடையிடையே அதை மேப்ஃபைல் அழைக்கும். ஆனால் என் செயற்கூறு ஒருமுறைகூட ஓடவில்லை. இரண்டு இரவுகள் அதற்குள்ளேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். கீழக்கரைக் காக்கா (அண்ணன்) தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்விதான்: “எத்தனை வரிக்கு ஒருதடவ கூப்பிடணும்னு சொன்னீங்களா தம்பி?” நான் சொல்லவில்லை. சிறிய எழுத்து சி-யால் எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் அது 5,000 வரிக்கு ஒருமுறைதான் அழைக்கும்; என் கோப்போ அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காக்கா, வேலை நேரத்திலும் பொறுமையாகப் பேசியதை நான் மறக்கமாட்டேன்.

எண்ணிக்கையை 25 என்று வைத்தவுடன் பக்கத்தொகைகள் வரிசையாக வந்தன. ஆனால் எந்தப் பக்கமும் நோட்டோடு ஒத்துப்போகவில்லை. முதல் பக்கத்துக்கு நோட்டில் 312 கிலோ 500 கிராம், கணினியில் 298 கிலோ. அக்கா என் அருகில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார். அங்கே இருந்தது 14 கிலோ 500 கிராம். இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் அதேபோல் கடைசி வரிதான் விடுபட்டிருந்தது. கணினியைத் தொட்டே பழகாத அவர் பிழை இருந்த இடத்தைக் கால் மணி நேரத்தில் காட்டிவிட்டார். அக்கா, உங்கள் நோட்டு இல்லையென்றால் அந்தத் தவறான தொகையையே சரியென்று நம்பிப் பணம் பிரித்திருப்போம். பக்கத்தின் கடைசியில் பெயர் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அன்றைய உழைப்பு கணக்கில் வராமலே போயிருக்கும்.

அதன் காரணத்தைச் சொன்னவர் இராமநாதபுரத்தில் எனக்குக் கணினி கற்பித்த ஆசிரியர் ஐயா. மேப்ஃபைல் ஒரு வரியைப் படித்தபின், அதை அணியில் வைப்பதற்கு முன்பாகவே செயற்கூற்றை அழைக்கிறது. அழைக்கும்போது இரண்டு மதிப்புகளைக் கையில் கொடுக்கிறது: அடுத்து நிரம்பப்போகும் இடத்தின் எண், அங்கே வைக்கப்படப்போகும் வரி. இடங்கள் சுழியத்திலிருந்து எண்ணப்படுவதால், முதல் அழைப்பில் வரும் எண் 24. அந்த நேரத்தில் அணியில் 24-ஆம் இடம் வெற்றாகவே இருக்கும். நானோ கையில் கொடுத்த வரியைப் பாராமல், அணிக்குள் போய் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். வரிக்கு ஒருமுறை அழைக்கச் சொல்லி, இரண்டாவதாக வரும் மதிப்பிலிருந்தே எடையை எடுத்துக் கூட்டிக்கொண்டு போ, செயற்கூறு அதே ஷெல்லில் ஓடுவதால் தொகை அழியாது என்று ஐயா வழிகாட்டினார். ஒவ்வொரு வரிக்கும் அழைப்பதால் வேகம் சற்றுக் குறையத்தான் செய்யும். இந்த அளவுக் கோப்பில் அது தெரியவே இல்லை. ஐயா, வகுப்பை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும் என்னை மாணவனாகவே நினைத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

அதன்பின் 74 பக்கங்களும் ஒத்துப்போயின. “எழுபத்தஞ்சாம் பக்கம் எங்க?” என்று அக்காவே மறுபடியும் கேட்டார். கடைசிப் பக்கத்தில் 10 வரிகளே இருந்தன. 25 நிறையும்போது மட்டுமே தொகையை அச்சிடும்படி எழுதியிருந்ததால் அவை உள்ளேயே தங்கிவிட்டன. மேப்ஃபைல் முடிந்தபின் மிச்சத் தொகையைத் தனியே அச்சிட ஒரு வரி சேர்த்தேன்.

பாஷைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் செட் ரேமி அவர்களுக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் இரண்டு இரவுகள் தேடிய அந்த 5,000, கட்டளையின் உதவிக் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அக்கா கையொப்பமிட்ட 75 பக்கத் தொகைகளின் அச்சுப்படியையும், திருத்தி முடித்த நிரலையும் உங்கள் நால்வருக்கும் இந்த வாரமே அனுப்பி வைக்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
கணக்குச் சரிபார்ப்பவன்,
பாம்பன்.