ஏப்ரனில் ஓர் எழுத்து குறைகிறது

அன்புள்ள கயலுக்கு,

ஒவ்வொரு நோயாளியிடம் போகும்போதும் உடுப்புக்கு மேல் கட்டிக்கொள்ள ஒரு புது ஏப்ரன், ஒரு நாளைக்கு எத்தனை கிழித்துப் போடுகிறேன் என்று கணக்கே இல்லையப்பா என்று அன்றைக்குச் சொன்னாயே, அந்தச் சொல் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அகராதியைப் புரட்டினேன்.

அது ஏப்ரனே இல்லையம்மா, நேப்ரன். பழைய பிரெஞ்சில் மேசைவிரிப்புக்குச் சொன்ன ‘நாப்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘எ நேப்ரன்’ (a napron) என்று சொன்னதைக் காதால் கேட்டவர்கள் ‘ஆன் ஏப்ரன்’ (an apron) என்று பிரித்துக்கொண்டார்கள். முதல் எழுத்து முன்னால் நின்ற குட்டிச் சொல்லோடு போய் ஒட்டிக்கொண்டது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் நடந்த கூத்து. கூடப்பிறந்த நாப்கின் தன் எழுத்தை விடவில்லை. நாப்புக்குத் தாய், லத்தீனில் ‘மாப்பா’, அதாவது துணி. உலகத்தைத் துணியில் வரைந்தார்கள் இல்லையா, அதனால் மேப்பும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிங் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மரக்கடை நோட்டீஸ். ‘எங்களிடம் பலகை கிடைக்கும்’ என்று கோக்கும்போது நடுவில் ஒரு ஸ்பேஸ் கட்டையைச் செருகிவிட்டேன். ‘எங்களிடம் பல கை கிடைக்கும்.’ புரூஃபிலும் யார் கண்ணிலும் படவில்லை. ஐந்நூறு நோட்டீஸ், காகிதச் செலவு என் சம்பளத்தில்! தாமரையைத் ‘தா மரை’ என்று பிரித்தால் தாவுகிற மான் என்று, சேர்ந்தால் ஒரு பொருளும் பிரிந்தால் வேறு பொருளும் தருகிற பொதுமொழியைப் பள்ளியில் படித்தவன்தான் நான்.

அம்பயருக்கும் இதே கதி. பழைய பிரெஞ்சில் ‘நோன்பெர்’, ஜோடி சேராதவன். இரண்டு பேர் மல்லுக்கு நிற்கும்போது எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது ஆள். கிரிக்கெட்டில் அவரை நாம் திட்டாத திட்டா? அவருக்கும் தலையெழுத்து போய்விட்டது. நிக்நேம் இதற்கு நேர் எதிர். ‘ஆன் ஈக்நேம்’ என்றால் கூடுதல் பெயர். அங்கே ஆனின் வாலைப் பெயர் பறித்துக்கொண்டது.

ஆரஞ்சை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. பலரும் சேர்க்கிறார்கள், தப்பு. இங்கிலாந்துக்கு வந்து சேரும் முன்பே பிரெஞ்சில் அதன் முதல் எழுத்து உதிர்ந்திருந்தது. ஸ்பெயினில் இன்றைக்கும் நாரன்ஹாதான். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னால் நடந்துகொண்டே போனால் நாரங்கம் வருகிறது. அதற்கும் வேர் திராவிட மொழிதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நம் நாரத்தையை அங்கே பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்படியா, சரி, அந்த ஜாடியை எடுங்க” என்றாள். நாரத்தங்காய் ஊறுகாய் பார்சலில் வருகிறது. எண்ணெய் கசியாமல் மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன். பார்த்துப் பிரி.

அப்பா