பெயர் போடக் கூடாது என்று சொன்ன ஐவருக்கு

கடலூர்

அன்புள்ள அறங்காவலர்களுக்கு,

இந்த மடலில் உங்கள் பெயர்களைப் போடக் கூடாது என்று ஐந்து பேரும் சேர்ந்து சொல்லிவிட்டீர்கள். சொன்னதோடு விடாமல் தீர்மானமாக நிறைவேற்றி, என்னிடமும் கையெழுத்து வாங்கிவிட்டீர்கள். ஆறு ஆண்டுகளில் உங்களிடம் நான் வாதாடி வென்ற கூட்டம் ஒன்றுகூட இல்லை, இதிலும் தோற்றேன். ஆகவே தலைமையாசிரியர் அம்மா, பொருளாளர் ஐயா, செவிலியர் அக்கா, மண்டி அண்ணன், தேவனாம்பட்டினத்துத் தம்பி என்றே அழைக்கிறேன். படித்தவுடன் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பசித்தவர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் எங்கள் சமையற்கூடத்தைப் பாராட்டுகிறவர்கள் கரண்டி பிடித்த கையைப் பாராட்டுகிறார்கள். அரசு மருத்துவமனை வாசலில் பொட்டலம் நீட்டுகிற பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை நாலு மணிக்கு, பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கொசுக்கடியில் ரசீது ரசீதாகப் புரட்டிய உங்களை யாரும் பார்த்ததில்லை. இந்த மாதத்தோடு உங்களில் மூன்று பேர் விடைபெறுகிறீர்கள். மூன்றாண்டு வீதம் இரண்டு முறைக்கு மேல் எவரும் பொறுப்பில் தொடரக் கூடாது என்ற விதியை எழுதியதும் நீங்களேதான். அந்த விதி வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2015 நவம்பர் வெள்ளத்தில் கடலூரே தண்ணீரில் நின்றபோது, என் வீட்டு மாடியில் நானும் பக்கத்து வீட்டு இரண்டு பேரும் புளிசாதம் கிளறிப் பொட்டலம் கட்டினோம். வெள்ளம் வடிந்தது, பசி வடியவில்லை. அப்படியே தொடர்ந்தோம். நாலு ஆண்டுகள் நன்கொடையெல்லாம் என் சொந்தச் சேமிப்புக் கணக்கில்தான் வந்தது. என் மகனின் கல்லூரிக் கட்டணமும் ஊரார் கொடுத்த அரிசிப் பணமும் ஒரே பாஸ் புத்தகத்தில் அடுத்தடுத்த வரியில் இருந்தன. ஒரு ரூபாய்கூட மாறிப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2019-இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிவானது. முதல் கூட்டத்தின் முதல் தீர்மானம், காசோலையில் நான் தனியாகக் கையெழுத்திடக் கூடாது என்பது. அன்று எனக்கு வந்த கோபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "என்னைத் திருடி என்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வாசல் வரை போய்விட்டேன். பொருளாளர் ஐயா குரலை உயர்த்தவே இல்லை. "உங்களைத் தெரியும் அம்மா. உங்களுக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு யார் வருவார் என்று எனக்குத் தெரியாதே" என்றார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவள் திரும்பி வந்து உட்கார்ந்தேன். செருப்பு கிடைத்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ.

அடுத்த அடி சிலிண்டர். அதுவரை வீட்டுச் சிலிண்டரில்தான் ஊருக்கே சமைத்தோம். அந்த 14.2 கிலோ சிலிண்டர் வீட்டு அடுப்புக்கு மட்டும்தான், கூடத்துக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும் என்றீர்கள். விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "தர்மத்துக்குமா சட்டம்?" என்றேன். "தர்மத்துக்குத்தான் முதலில்" என்றார் தலைமையாசிரியர் அம்மா. சட்டத்தைக் காட்டிப் பேசுகிறவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. உங்களை மட்டும் எப்படியோ பிடித்துப்போயிற்று.

எங்கள் மாவட்டத்தில் அன்னதானம் என்று வாயெடுத்தாலே வடலூர் வந்துவிடும். 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிவைத்த சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. நானும் அதைச் சொல்லித்தான் மேடைகளில் நன்கொடை கேட்பேன்; கேட்பவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். ஒரு நாள் அப்படிப் பேசி முடித்துவிட்டு இறங்கியவளிடம் பொருளாளர் ஐயா மெதுவாகக் கேட்டார்: "நம் அடுப்புக்கு வியாழக்கிழமை வரை கேஸ் வருமா?" போய்ப் பார்த்தேன். வராது.

செவிலியர் அக்காவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ஒரு முகூர்த்த நாளில், மாலை நாலு மணிக்கு ஒரு திருமண மண்டபத்திலிருந்து இரண்டு பெரிய தவலை நிறையச் சோறும் சாம்பாரும் வந்து இறங்கின. நூறு பேருக்குத் தாராளமாகப் போதும். எனக்கு வாயெல்லாம் பல். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை மணிக்கு வடித்தது?" கொண்டுவந்தவருக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் சமையற்காரரைக் கேட்டால், காலையில் என்கிறார். காலை எட்டா பதினொன்றா என்று அவருக்கும் நினைவில்லை. ஆவி அடங்கிய சோற்றை 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, பார்வைக்கும் வாசனைக்கும் நன்றாக இருந்தாலும் அதில் கிருமி விஷம் உண்டாகியிருக்கலாம், மறுபடி சூடாக்கினாலும் அது போகாது என்று விளக்கிவிட்டு, திருப்பி அனுப்பச் சொன்னார். பெண் வீட்டார் நேரில் வந்து திட்டினார்கள். சோற்றை அவமதித்தவர்கள் விளங்க மாட்டார்கள் என்று ஒரு பாட்டி மண்ணை வாரித் தூற்றினார். நான் அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்தச் சோறு கெட்டிருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. "தெரியாததைத்தானே நாம் இலவசமாகக் கொடுக்கக் கூடாது" என்றார். காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர் சண்டை போடுவார், நம்மிடம் வாங்குகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் படுத்துவிடுவார் என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இப்போது சமையற்கூடத்துச் சுவரில் வெப்பமானி தொங்குகிறது. மண்டபத்துச் சோறும் வருகிறது; சமைத்த நேரம் எழுதிய சீட்டோடு வருகிறது.

மண்டி அண்ணனின் உடன்பிறந்த தம்பிக்கு அரிசி மண்டி உண்டு. ஊரறிந்த செய்தி. அரிசி கொள்முதல் பற்றிப் பேச்சு வந்தாலே அண்ணன் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். பேசி முடித்துக் கூப்பிட்டால்தான் வருவார். ஆனால் அரிசி வாங்கும் வித்தையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும், கடைகளில் 26 கிலோ சிப்பம் முளைத்தது. நான் மூட்டை விலையைப் பார்த்து மலிவு, கிராக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிலோ விலைக்கு மாற்றி, மூன்று கடைகளில் எழுத்தில் விலை வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னவர் அண்ணன். அந்த மூன்றில் அவர் தம்பியின் கடை இருந்ததே இல்லை. வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டார் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணி, உங்களுக்கும் என் நன்றி.

இனி நான் கூனிக்குறுகிச் சொல்ல வேண்டிய ஒன்று. தொடக்க ஆண்டுகளில் பொட்டலம் வாங்குகிறவர்களைப் படமெடுத்து முகநூலில் போடுவேன். நன்கொடையாளர்கள் அதைத்தான் கேட்டார்கள். ஒரு முறை ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. "என் பிள்ளையின் வகுப்பில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள், எடுத்துவிடுங்கள்" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் பொட்டலம் வாங்க வரவே இல்லை. அடுத்த கூட்டத்தில் இதை நானே சொன்னேன். தலைமையாசிரியர் அம்மா யாரையும் பார்க்காமல் பேனாவை எடுத்து எழுதினார்: உணவு வாங்கும் எவருடைய முகமும் எந்தப் படத்திலும் வரக் கூடாது. பெரிய நன்கொடையாளர் ஒருவர் இதனால் விலகிப் போனார். அவருடைய பிறந்தநாளுக்கு அவர் கொடுப்பதைப் படமெடுக்க முடியாதாம். அந்தத் தொகையை ஈடுகட்ட எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. தீர்மானத்தை மாற்றலாமா என்று அந்த ஓராண்டில் உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் இரண்டு முறை கேட்டேன். இதையும் எழுதிவிட வேண்டும்.

தேவனாம்பட்டினத்துத் தம்பியை அறங்காவலராகச் சேர்க்க வேண்டும் என்று அம்மா சொன்னபோது, இவ்வளவு சின்னப் பையனா என்றுதான் நினைத்தேன். 2015-இல் எங்கள் புளிசாதத்தைச் சாப்பிட்ட பள்ளி மாணவன் அவன். கூட்டத்தில் முதல் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. நாலாம் மாதம் திறந்தான். "புதன்கிழமை தக்காளி சாதத்தைப் பாதிப் பேர் நாய்க்குப் போடுகிறார்கள்" என்றான். தக்காளி சாதம் என் கைப்பக்குவம். அதோடு நிறுத்தினானா? நாங்கள் பன்னிரண்டரைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். மீன் கூடை தூக்கிப் போன பெண்கள் விற்று முடித்துத் திரும்ப இரண்டு மணி ஆகும். அவர்கள் பங்கை வீட்டில் இருக்கிற ஆண்கள் வாங்கித் தின்றுவிடுகிறார்கள் என்றான். நாலு ஆண்டாக நான் போய்வந்த தெரு அது. அந்தப் பெண்களை நான் ஏன் பார்த்ததே இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது அங்கே இரண்டேகாலுக்குப் போகிறோம். புதன்கிழமை சாம்பார் சாதம். தம்பி இன்னும் மூன்றாண்டு இருக்கிறான் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி.

பெரிய சண்டையைக் கடைசியில் வைத்தேன். அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே அறப்பணிக்குச் செலவிட வேண்டும், மீதி 15 வரை ஒதுக்கி வைக்கலாம் என்பது வருமான வரி விதி. அந்த 15-ஐத் தொடவே விடாமல் பொருளாளர் ஐயா ஆண்டுக்காண்டு சேர்த்துக்கொண்டே போனார். 2020 பொதுமுடக்கத்தில் அதில் பெரும்பகுதி கரைந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே வங்கியில் பணம் தூங்குகிறது, இது பாவம் என்று நான் கத்தினேன். போதாததற்கு, பேரிடர் வந்தால் கூட்டம் கூட்டாமலே இரண்டு கையெழுத்தில் 50,000 ரூபாய் வரை எடுக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு தீர்மானமும் போட்டீர்கள். வராத புயலுக்குக் குடை பிடிக்கிறார்கள் என்று கேலி செய்தேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புயலோடு போயிற்று என்று நினைத்தோம். சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, டிசம்பர் 2 அன்று தென்பெண்ணை கரைமீறி வந்தது. நாணமேடு, உச்சிமேடு எல்லாம் முழுகின. மின்சாரம் இல்லை, யுபிஐ வேலை செய்யவில்லை, கடைக்காரர்கள் ரொக்கம்தான் கேட்டார்கள். நன்கொடை கேட்டு யாரையும் கூப்பிடக்கூட முடியவில்லை. பொருளாளர் ஐயா முழங்காலளவு தண்ணீரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு காசோலைப் புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தார். ஏற்கெனவே ஒரு கையெழுத்து போட்டிருந்தார். இன்னொன்றை நான் போட்டேன். அன்று மாலைக்குள் அரிசியும் பால் பவுடரும் குடிநீர்க் கேன்களும் வந்துவிட்டன. ஒன்பது நாள் இடைவிடாமல் உலை கொதித்தது. ஐயா அந்த ஒன்பது நாளில் ஒரு நாளாவது "பார்த்தீர்களா" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. டிசம்பர் கூட்டத்தில் ரசீதுகளை மட்டும் கேட்டார். குடிநீர்க் கேனுக்கு ரசீது இல்லை என்று முக்கால் மணி நேரம் விசாரித்தார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கூட்டங்கள் மிக நீளம். தலைமையாசிரியர் அம்மா என் அறிக்கையில் ரகர றகரப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தியது எனக்கு ஐம்பத்து மூன்று வயதில் தேவையில்லாத அவமானம். இந்த மடலை அவர் பார்ப்பதற்கு முன்பே வெளியிடுகிறேன்.

புதிய மூவரும் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு வருகிறார்கள். ஒருவர் கணக்குத் தணிக்கை தெரிந்த பெண். முதல் சந்திப்பிலேயே எரிவாயு ரசீதுகளைக் கேட்டுவிட்டார். ஐயாவின் நாற்காலி காலியாக இருக்காது போலிருக்கிறது.

ஐயா, ஒரு சில்லறை விஷயம். ஆறு ஆண்டும் கூட்டத்துத் தேநீருக்கு உங்கள் பையிலிருந்துதான் கொடுத்தீர்கள். கடைசிக் கூட்டத்தன்று நீங்கள் கொடுத்த 100 ரூபாயில் ஆறு தேநீருக்கு 72 போக, 28 ரூபாய் என்னிடம் நிற்கிறது. ரசீது இல்லாததால் அறக்கட்டளைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஒரு நாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை வேண்டுமானாலும் வரலாம்; இப்போது சாம்பார் சாதம்தான்.

நன்றியுடன்,
சமையற்கூடத்திலிருந்து