சூலூரிலிருந்து ஒரு லிபரேட்டர்

சூலூர்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு நிம்மதியானது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். மேஜையில் பாதி அவளுக்கு, பாதி விமானத்துக்கு.

அந்த விமானத்தைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தாய். தண்ணீர் இறைக்கிற பம்பை வார்க்க ஆயுசெல்லாம் மரத்தில் பேட்டர்ன், அதாவது மாதிரி அச்சு, செய்தவன் இப்போது குண்டு போடுகிற விமானத்தைச் செய்கிறாயே என்று. நீ கேட்டது நியாயம். உன் பெரியப்பா விஷயம் தெரிந்தவன் நான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் செய்வது பி-24 லிபரேட்டரின் மாடல். இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்கக் குண்டு விமானம் அது. 48இல் ஒரு பங்கு அளவு. அசலின் இறக்கை நுனிக்கு நுனி 33.5 மீட்டர், என்னுடையது 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பிளாஸ்டிக் பாகங்களாகப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள், ஆனால் என் கைக்கு மரம்தான் வரும். குமிழ் மரம் எடுத்தேன். லேசானது, உளிக்கு நன்றாக இணங்கும். முதல் இறக்கையை முடித்து வரைபடத்தின் மேல் வைத்தால், பக்கத்துக்கு மூன்றரை மில்லி அதிகம். இரண்டு நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால் கை பழக்கத்தில் எடுத்தது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். வார்ப்பு ஆறும்போது சுருங்குமே, அதற்காக நூற்றுக்கு ஒன்று கூட்டிப் போட்ட அளவு. நுனியை மட்டும் சீவிவிடலாம்தான். ஆனால் எஞ்சின் உட்காரும் இடமெல்லாம் தள்ளிப் போயிருக்கும். வேறு கட்டை எடுத்து மறுபடி செதுக்கினேன்.

எஞ்சின்தான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒன்றுக்கு 14 சிலிண்டர், ஏழு ஏழாக இரண்டு வரிசை. நான்கு எஞ்சினுக்கு 56. காற்றில் குளிர்கிற எஞ்சின் என்பதால் சிலிண்டரைச் சுற்றி வரி வரியாக மெல்லிய தகடு இருக்கும். கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் முடி மாதிரி செம்புக் கம்பி வாங்கி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருக்கிச் சுற்றினேன். அந்த வரி அப்படியே விழுகிறது. பேத்தி, "அப்புச்சி, நானுஞ் சுத்தறேன்" என்று உட்கார்ந்து பதினொன்று சுற்றினாள். என்னுடையதைவிட அவளுடையது சீராக இருக்கிறது. அதைத்தான் முன் வரிசையில் வைத்தேன்.

சரி, ஏன் இந்த விமானம்? போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுப் போனார்கள். போர்க் கடனாக அமெரிக்கா கொடுத்தவை அவை. யாரும் திரும்பப் பறக்கவிடக் கூடாது என்று எஞ்சினில் மண்ணைக் கொட்டி, உடம்பை இடித்துச் சிதைத்துவிட்டுத்தான் போனார்கள். பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் அந்தக் குப்பையைப் போய்ப் பார்த்தார்கள். பறக்கிற அளவுக்கு அங்கேயே ஒட்டவைத்து, அவர்களுடைய விமானி முன்ஷி ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். அங்கே பிரித்து மேய்ந்து சுமார் நாற்பது விமானங்களை முழுசாக எழுப்பினார்கள். 1948இல் நம் விமானப்படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் அவற்றோடு தொடங்கியது. 1968 வரை பறந்தன. விட்டுப் போன பிரிட்டிஷ்காரர்களின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கே 1974இல் நம்மிடமிருந்து ஒன்று போனது, இன்றும் அங்கே நிற்கிறது.

உடைந்த வார்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எப்படி எடுப்பது என்று நீயும் நானும் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறோமே. கான்பூருக்குப் போன அந்த ஆட்களை நினைத்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. அதனால் புதுசாக மின்னுகிற விமானத்தை நான் செய்யவில்லை. தகட்டின் மினுமினுப்பை இரண்டு மூன்று இடத்தில் மாற்றியிருக்கிறேன், ஒட்டுப் போட்டது தெரியும்படி. இறக்கையில் நம் விமானப்படை வட்டம்.

நம் கோயம்புத்தூருக்கும் அந்தப் போரில் பங்கு இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை பீளமேட்டில் விமானம் பழுது பார்க்கும் தளம் வைத்து 'கருடா' என்று பேரிட்டது. சூலூர்த் தளத்துக்கு 'வைரி'. இரண்டும் பறவைப் பேர்.

அப்புறம், உன் கேள்வி. உன் பெரியப்பாவை மலேயாத் தோட்டத்திலிருந்து, போரின்போது சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போனது ஜப்பான்காரன். பல்லாயிரம் தமிழர்கள் அந்தப் பாதையில் மாண்டார்கள். 1945இல் அதன் பாலங்கள் மேல் குண்டு போட்டவை லிபரேட்டர்கள். காலராவா, காய்ச்சலா, மேலிருந்து விழுந்ததா என்று உங்கள் ஆத்தா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு மறக்கவில்லை. குண்டு அறையைச் செய்கிறபோது அந்தக் குரல்தான் காதில் இருந்தது.

அந்த அறைக்குக் கதவு கடை ஷட்டர் மாதிரி. வெளியே தொங்காது, வயிற்றின் பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும். கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி, ரப்பர் மேல் வைத்து ஊசியின் பின்புறத்தால் வரி வரியாக அழுத்தினேன். நாலு கதவுக்கு மூன்று நாள். உள்ளே குண்டு தொங்கும் சட்டமும் வைத்தேன். குண்டு செய்யவில்லை. கடைந்தால் ஒரு மணி நேர வேலைதான், கை போகவில்லை.

மூடிவிட்டால் அந்த அறை கண்ணில் படாது. திறந்து வைத்தால் வெறும் சட்டம் தெரியும். ஒரு நாள் மூடலாம் என்று தோன்றுகிறது, மறுநாள் மூடினால் மறைத்தது போலாகும் என்று தோன்றுகிறது. இதை என் இஷ்டத்துக்கு முடிக்க மனசில்லை. டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னதும் பவானியிலிருந்து கிளம்பி வா, நேரில் பார்த்துவிட்டு நீ சொல். அதுவரை கதவை ஒட்ட மாட்டேன்.

வரும்போது உன் பெரியப்பா மலேயாவிலிருந்து அனுப்பிய அந்தப் போட்டோவையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை