மூன்றாவது வரி

விகாஸ்நகர்

அன்புள்ள கதிர்,

ஆறு மாதமாகப் பதில் போடாதது என் தவறு. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பெரியவனுக்கு வேலை கிடைத்ததா? மணியிடம் சொல், அந்த சைக்கிள் கணக்கு இன்னும் தீரவில்லை.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வாரம் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், அந்த வீட்டுக்காரர், தம் கிராமத்துக்கு அழைத்துப் போனார். உத்தராகண்டில் சக்ராத்தா ஊருக்கு மேலே, ஜௌன்சார்-பாவர் மலையில் இருக்கிறது. நாடே கொண்டாடி முடித்து ஒரு மாதம் கழித்துத்தான் அங்கே பல ஊர்களில் தீபாவளி. முற்றத்தில் அக்ரூட் கொட்டைகளை வாரி இறைக்கிறார்கள். குழந்தைகளோடு கிழவர்களும் முண்டியடித்துப் பொறுக்குகிறார்கள். எனக்கு மூன்று கிடைத்தன. ஒன்று உனக்கு.

பிறகு பெண்கள் கைகோத்து ஹாருல் என்ற நாட்டுப்பாட்டைப் பாடி ஆடினார்கள். முதல் ஆளாக நின்றவர் வீட்டுக்காரரின் தாயார். டேராடூனில் படிக்கும் பேரன் அப்பாவின் சட்டையை இழுத்து, "பாட்டி என்ன பாடுகிறார்?" என்று இந்தியில் கேட்டான். அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் ஒரு சொல்லுக்கு இந்தி அகப்படவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். பையன் அக்ரூட் பொறுக்கப் போய்விட்டான்.

கதிர், அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 2011 கணக்கெடுப்பில் அந்த மலையின் மொழியான ஜௌன்சாரியைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 1,36,000 பேருக்கு மேல். ஆனால் அரசின் பட்டியலில் அவர்கள் அத்தனை பேரும் இந்தி என்ற தலைப்பின் கீழ் போய்விடுகிறார்கள். அதுவோ மேற்குப் பஹாடி என்ற மலைமொழிகளில் ஒன்று. டோன்ஸ் ஆற்றுக்கு அக்கரையில், இமாச்சலத்தில் பேசும் சிர்மௌரிதான் அதற்கு நெருங்கிய உறவு. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஜௌன்சாரிக்கு இடமில்லை. ஒருகாலத்தில் தாக்ரி வகை எழுத்தில் எழுதினார்கள். இப்போது எழுதுகிறவர்கள் தேவநாகரிக்கு மாறிவிட்டார்கள். யுனெஸ்கோவும் இதை அழிவை நோக்கிப் போகும் மொழிகளில் சேர்த்திருக்கிறது. ஒரு மொழியை இன்னொன்றின் கணக்கில் எழுதிவிட்டால், அதற்கென்று பாடப்புத்தகம் கேட்க யாருக்கு வாய் வரும்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

வீட்டுக்காரர் மேல் கோபமில்லை. "பள்ளியில் இந்தி, வேலைக்கு ஆங்கிலம். மூன்றாவது ஒன்றையும் பிள்ளை தலையில் ஏற்றுவதா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் கால்சியில் இறங்கினோம். யமுனைக் கரையில் அசோகர் கல்வெட்டு. சோழர், பாண்டியர் பெயர்கள் அந்தப் பாறையில் இருக்கின்றன என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். காரில் ஏறிய பிறகு வெகுநேரம் பேசவில்லை. விகாஸ்நகர் நெருங்கும்போது, "அம்மாவுக்கு நாற்பது பாட்டாவது தெரியும்" என்றார்.

ஏப்ரலில் பிஸ்ஸு திருவிழாவுக்கு மறுபடி போகிறேன். நீ உன் அப்பத்தாவின் ஒப்பாரிகளைப் பதிவுசெய்து, சொல் சொல்லாகப் பொருள் கேட்டு எழுதினாயே, அதை எந்த முறையில் செய்தாய்? முதலில் முழுப்பாட்டையும் பாடவிட்டாயா, வரிக்கு வரி நிறுத்தினாயா? அந்த நோட்டின் இரண்டு பக்கமாவது நகலெடுத்து அனுப்பு. போனைப் பிடித்துக்கொள்ளும் வேலையைப் பேரன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

உன்,
சேகர்